முதல் செமி ஆட்டோ வாங்கப் போகிறேன்: ஃபெசன்ட்டுக்கு 12 கேஜா 20 கேஜா, கேஸா இனர்ஷியாவா?

சம்பங்கோரை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சீசனாக நண்பருடைய 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது) பம்ப் துப்பாக்கியை, அதாவது ஒவ்வொரு தடவையும் முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா மாற்றுகிற வகையை, இரவல் வாங்கித்தான் பறவை வேட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் சொந்தமாக, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற செமி ஆட்டோ ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

என் நிலவரம் இது. உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 64 கிலோ. வருடத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் கடைசியில், நான்கு பேராக அமெரிக்காவின் சவுத் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் என்கிற நீளவால் பறவையைத் தேடிப் போவோம். நண்பரிடம் ஒரு ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் இருக்கிறது. பறவையை மோந்தால் நின்று காட்டுகிற ஜாதி இல்லை அது. நேராகப் பாய்ந்து கிளப்பிவிடும். மற்ற வார இறுதிகளில் வடக்கு மினசோட்டாவின் காட்டுப் பாதைகளில் ரஃப்டு குரவுஸ் என்கிற காட்டுப் பறவை. அங்கே மரங்களுக்கு நடுவே கண்மூடித் திறப்பதற்குள் பறவை போய்விடும்.

போன வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த பம்ப்புக்கு 28 அங்குலக் குழல், எடை 8 பவுண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான்காவது மணி நேரத்தில் என் இடது முன்னங்கை மரத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காலடியிலிருந்து இரண்டு ஃபெசன்ட் சேவல் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. முதலாவதைத் தவறவிட்டேன். பதற்றத்தில் முன்பிடியைப் பாதிதான் பின்னால் இழுத்திருக்கிறேன் போலிருக்கிறது. காலித் தோட்டா வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டாவது சேவல் கத்திக்கொண்டே சோளக்காட்டைத் தாண்டிப் போனதை நின்று வேடிக்கை பார்த்தேன். துப்பாக்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தப்பு என் கையில். ஆனால் அந்த இழுக்கிற வேலையே எனக்கு வேண்டாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இரட்டைக் குழல் ஓவர் அண்டர் நல்லதுதான், ஆனால் மனசுக்குப் பிடித்த ஒன்று என் பட்ஜெட்டில் வரவில்லை. ஆகவே செமி ஆட்டோ. 12 கேஜா, 20 கேஜா? கேஸில் (வெடிவாயுவில்) இயங்குவதா, இனர்ஷியாவா? 26 அங்குலமா, 28 அங்குலமா? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

கூன்முதுகு

நான் ஒருதலைப்பட்சமான ஆள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பழைய பிரவுனிங் ஆட்டோ 5 ஒன்று தேடிப் பிடியுங்கள். ஜான் மோசஸ் பிரவுனிங் 1900-இல் காப்புரிமை வாங்கி, 1902 முதல் பெல்ஜியத்தில் எஃப்என் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய துப்பாக்கி. பின்பக்கம் செங்குத்தாக இறங்கும் அந்தக் கூன் கண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடும். கேஸும் இல்லை, இனர்ஷியாவும் இல்லை. சுட்டதும் குழலும், அதன் பின்வாயை மூடி நிற்கிற போல்ட்டும் சேர்ந்தே பின்னால் போய், குழல் மட்டும் முதலில் திரும்பி வரும். முதல் தடவை சுடும்போது உள்ளே யாரோ இரும்புக் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். பழகிவிடும்.

வாங்கினால் இரண்டு விஷயம். தோட்டாக்கள் காத்திருக்கிற மேகசின் குழாயின் மேல் உராய்வு வளையம் இருக்கும். கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசான தோட்டாவுக்கு வேறு மாதிரி மாற்றிப்போட வேண்டும். முந்தைய சொந்தக்காரர் எப்படிப் போட்டிருந்தார் என்று பார்க்காமல் நான் ஒரு பெட்டி கனத் தோட்டா சுட்டேன். தோள் ஒரு வாரம் பேசியது. அப்புறம், பழைய பெல்ஜியக் குழல்களில் ஸ்டீல் ரவை போடாதீர்கள்.

எடை மட்டும் உங்களுக்கு ஒத்துவராது. 12 கேஜ் ஸ்டாண்டர்ட் மாடல் 8 பவுண்டை ஒட்டி இருக்கும். சரி, ஆசையைச் சொல்லிவிட்டேன், இனி விவரமானவர்கள் பேசட்டும்.

பழைய கோட்டு

தம்பி, கேஸா இனர்ஷியாவா என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். எல்லோரும் அதில்தான் சண்டை போடுவார்கள், ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சண்டை போட வசதியான விஷயம் அது. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, நாள் முழுக்கச் சுமக்க முடிகிற துப்பாக்கியா என்பது. அடுத்தது, தோளில் ஏற்றினால் உங்கள் கண் பார்க்கிற இடத்தையே அதுவும் பார்க்கிறதா என்பது.

சவுத் டகோட்டாவில் காலை 10 மணிக்குத்தான் சுட அனுமதி, அங்கிருந்து பொழுது சாயும் வரை நடை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 சேவல், பெட்டையைச் சுடக் கூடாது. நல்ல நாளில்கூட நான் ஐந்தாறு தோட்டாவுக்கு மேல் செலவழித்ததில்லை. ஐந்தாறு தடவை சுடுவதற்காக ஆறு மணி நேரம் தூக்கிக்கொண்டு அலைகிறோம். கை சோர்ந்தால் குழலின் முனை தானாகக் கீழே இறங்கிவிடும். சேவல் எழும்பும்போது அதை மேலே கொண்டுவரவே அரை நொடி போய்விட்டால், மிச்சம் இருப்பது வால் மட்டும்தான். உங்கள் முன்னங்கை மரத்த கதையில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான், பம்ப்பைப் பாதி இழுத்தது இல்லை.

அதற்காக ஆக லேசானதைத் தேடி ஓடாதீர்கள், அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன். ஐந்தரைப் பவுண்டில் ஒரு 20 கேஜ் வைத்திருந்தேன். நேராக எழும்பி எனக்கு எதிரே போகிற பறவைக்கு அருமை. மந்திரக்கோல் மாதிரி வரும். குறுக்கே போகிற பறவைக்கு அதே துப்பாக்கி துரோகி. பறவைக்கு முன்னால் வீசிக்கொண்டே சுட வேண்டும், இது வீச்சின் பாதியிலேயே நின்றுவிடும். கனம் இருந்தால் அந்தக் கனமே வீச்சை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு சீசன் சேவல்களுக்குப் பின்னால் காற்றைச் சுட்டேன், அப்புறம் விற்றுவிட்டேன். உங்கள் உடம்புக்கு 12 கேஜ் என்றால் ஆறரை முதல் 7 பவுண்டு, 20 கேஜ் என்றால் 6 பவுண்டு, கொஞ்சம் கூடினாலும் சரி.

உதையையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். அதே தோட்டாவை 8 பவுண்டுத் துப்பாக்கியில் சுடுவதற்கும் 6 பவுண்டில் சுடுவதற்கும் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். வேட்டையில் யாரும் உதையை உணர்வதில்லை, ஆனால் கோடையில் களிமண் தட்டு சுட்டுப் பழகும்போது நன்றாகவே உணர்வீர்கள். உதைக்குப் பயந்து பழகாமல் விட்டவர்கள் அக்டோபரில் தவறவிடுவார்கள்.

சரி, இப்போது கேஸா இனர்ஷியாவா என்பதற்கு வருகிறேன். குழலில் உள்ள சிறு துளை வழியே வெடிவாயுவில் கொஞ்சத்தைத் திருடி, ஒரு பிஸ்டனைத் தள்ளி, அதனால் போல்ட்டை ஓட்டுகிறது கேஸ் துப்பாக்கி. உதை நீண்டு, மெத்தென்று வரும். 1963-இல் ரெமிங்டன் 1100 வந்தபோது ஆட்கள் அதில் சொக்கிப்போனது இதற்காகத்தான். விலை என்னவென்றால் கரி. முன்பிடிக்கு உள்ளே, பிஸ்டனைச் சுற்றிப் படியும். துடைக்காமல் விட்டால் சோம்பேறியாகிவிடும். சில பழைய மாடல்களில் அங்கே ஒரு ரப்பர் வளையமும் உண்டு. அது கிழிந்தால் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் தள்ள வேண்டியதுதான். உதிரி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

இனர்ஷியாவில் வாயுவுக்கு வேலை இல்லை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் நகர்கிறது, கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே ஒரு கணம் நிற்கிறது, நடுவே ஒரு குட்டி ஸ்பிரிங் நசுங்கி, அது விரியும்போது போல்ட்டைப் பின்னால் எறிகிறது. பெனெல்லி கம்பெனி வளர்த்த முறை இது. பிராங்கி அஃபினிட்டி, 2012-இல் வந்த புது பிரவுனிங் ஏ5 எல்லாம் இதே வழிதான். உள்ளே கரி சேராது, முன்பிடி மெலிசாக இருக்கும், எடையும் குறையும். உதை மட்டும் சுருக்கென்று வரும். தோளில் நன்றாகப் பதித்துச் சுடவில்லை என்றால், அல்லது தோட்டா ரொம்ப லேசாக இருந்தால், சில சமயம் அடுத்த தோட்டா ஏறாது.

இனர்ஷியா வாங்கினால் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை என் கதையாகவே சொல்கிறேன். துப்பாக்கியின் பெயர் வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது. டிசம்பர் மாதம், புல் நுனியெல்லாம் பனி உறைந்து கண்ணாடி மாதிரி நின்ற காலை. சேவலுக்குக் காது கூர்மை, வண்டிக் கதவைப் படாரென்று சாத்தினாலே மறுகோடியில் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் நான் சாமர்த்தியமாக, போல்ட்டைச் சத்தம் இல்லாமல் கையால் பிடித்து மெதுவாக மூடினேன். நாற்பது நிமிடம் நடந்தோம். சம்பங்கோரை ஓரத்தில் நண்பரின் பாயின்டர் நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கல்லாகிவிட்டது. நான் பக்கத்தில் போனேன். சேவல் எழும்பியது, பத்தடி தூரம், கழுத்தில் வெள்ளை வளையம் தெரிகிறது, வால் ஈட்டி மாதிரி நீண்டு கிடக்கிறது. விசையை இழுத்தேன். டிக். அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன், அதுவும் இல்லை. நாய் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. அதை இன்னும் மறக்கவில்லை.

குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போல்ட் கைப்பிடியைக் கட்டைவிரலால் முன்னால் அழுத்தினேன். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்து "கிளிக்" என்று உட்கார்ந்தது. இந்தத் துப்பாக்கிகளில் போல்ட்டின் தலை சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாக மூடினாலோ, நடக்கும்போது கைப்பிடி வேலியிலோ இடுப்பிலோ இடித்துக் கொஞ்சம் பின்னால் வந்தாலோ, தலை முழுதாகச் சுழலாமல் பாதியில் நிற்கும். வெளியே பார்த்தால் மூடின மாதிரியே தெரியும். இப்போதெல்லாம் நான் பொத்தானை அழுத்தி போல்ட்டைத் தானாக அறைந்து மூட விடுகிறேன், சேவல் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். நாய் வாலை வேகமாக ஆட்ட ஆரம்பித்ததும் கட்டைவிரல் ஒரு தடவை கைப்பிடியைத் தள்ளிப் பார்க்கும். சில புது மாடல்களில் இதைத் தடுக்கத் தனி ஏற்பாடு உண்டு, வாங்கும்போது கேளுங்கள்.

ஒரே வரியில் கேட்டால்: கோடையில் நிறையத் தட்டு சுடுவீர்கள் என்றால் கேஸ், மழையிலும் பனியிலும் நடந்து துடைக்காமல் மாட்டிவைக்கிற ஆள் என்றால் இனர்ஷியா. 26 அங்குலம் போதும். செமி ஆட்டோவில் போல்ட் ஓடும் பெட்டியே நீளம். 26 அங்குலக் குழல் போட்டாலும் மொத்த நீளம் 28 அங்குல ஓவர் அண்டரைவிடக் குறையாது. மூன்றரை அங்குலத் தோட்டா போடுகிற மாடல் வாங்காதீர்கள், அது வாத்து வேட்டைக்காரர்களின் வியாதி.

மஞ்சள் தோட்டா

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் 5 அடி 2 அங்குலம். நான் முதலில் வாங்கிய துப்பாக்கியின் கட்டை, விசையிலிருந்து பின்பக்கம் வரை 14 அங்குலத்துக்கும் மேல். கடையில் டீ ஷர்ட்டோடு ஏற்றிப் பார்த்தபோது பிரச்சினையே தெரியவில்லை. நவம்பரில் தடித்த கோட்டைப் போட்டதும் பின்பக்க ரப்பர் அக்குளில் மாட்டி மாட்டி நின்றது. ஆகவே வேட்டைக்குப் போடுகிற அதே கோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சோதிக்கிற விதம் இது. துப்பாக்கி காலியா என்று இரண்டு தடவை பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். சுவரின் மேல் மூலை ஒன்றைக் குறித்துக்கொண்டு கண்ணை மூடி, தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். குழலின் மேலே ஓடும் பட்டையும் முனையில் உள்ள மணியும் அந்த மூலையைப் பார்த்து நின்றால் பொருத்தம். போல்ட் ஓடும் பெட்டியின் பின்பக்கம்தான் கண்ணை மறைக்கிறது என்றால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. பட்டை நெடுஞ்சாலை மாதிரி நீளமாகத் தெரிந்தால் உயரம். இப்போது வருகிற பல செமி ஆட்டோக்களின் பெட்டியிலேயே கட்டைக்கும் உடலுக்கும் நடுவே செருகுகிற மெல்லிய தகடுகள் இருக்கும். ஏற்ற இறக்கத்தையும் பக்கவாட்டு வளைவையும் அதிலேயே மாற்றலாம். பாதிப் பேர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்ததே இல்லை.

ஏற்றிப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். எந்தக் கண் மேலோங்கிய கண் என்று தெரியாவிட்டால், தூரத்தில் ஒரு பொருளைக் கட்டைவிரலால் மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப்பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அது. வலது கைக்காரருக்கு இடது கண் மேலோங்கியிருந்தால் எத்தனை துப்பாக்கி மாற்றினாலும் பறவைக்கு இடதுபக்கமே போய்க்கொண்டிருக்கும்.

கேஜ் விஷயத்தில் என் ஓட்டு 20. ஒரு அவுன்ஸ் 6 ஆம் எண் ஈய ரவையில் ஏறத்தாழ 225 மணிகள் இருக்கும். 35 கஜத்துக்குள் வருகிற சேவலுக்கு அது ஏராளம். ஸ்பேனியல் கிளப்புகிற பறவை பெரும்பாலும் அதற்குள்தான் எழும்பும். 40 கஜத்துக்கு மேல் சுடத் தோன்றுகிற ஆள் என்றால் 12 எடுத்துக்கொள்ளுங்கள், கனமான ரவை அதில்தான் நன்றாகப் போகும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. தூரத்தில் அடிபட்ட சேவல் விழுந்த இடத்தில் கிடக்காது, ஓடும். நாயே தேடித் தோற்ற பறவைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, இதில் நான் கொஞ்சம் அதட்டலாகவே பேசுவேன். வீட்டில் 12 கேஜும் 20 கேஜும் இரண்டும் இருந்தால், ஒரே கோட்டுப் பையில் இரண்டு தோட்டாவும் ஒருபோதும் சேரக் கூடாது. 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காக. 12 கேஜ் குழலில் 20 தோட்டா தவறி விழுந்தால் அது வழுக்கிப்போய்க் குழலுக்குள் முன்னால் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் உங்கள் இடது கைக்கு நேராக வெடிக்கும். நீங்கள் நண்பரின் 12 கேஜுக்குத் தோட்டா வாங்கிய கோட்டு அப்படியே இருக்கும் இல்லையா? எல்லாப் பையையும் உதறிக் கவிழ்த்துவிட்டு அப்புறம் 20 வாங்குங்கள்.

வரிசைக்கடைசி

துப்பாக்கியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். செமி ஆட்டோவோடு வரிசையில் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவர் அண்டரைத் திறந்து போட்டால் பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் ஆபத்தில்லை என்று தெரியும். செமி ஆட்டோவை வெளியே பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பம்ப்பிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றை மறக்கிறார்கள்: சுட்ட நொடியே அடுத்த தோட்டா ஏறித் தயாராக நிற்கிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பறவை விழுந்த சந்தோஷத்தில் அப்படியே ஓடாதீர்கள். முதலில் சேஃப்டி, அப்புறம் ஓட்டம். வேலி தாண்டும்போது முழுவதும் காலி செய்து, போல்ட்டைத் திறந்து வையுங்கள். நான் பெரும்பாலும் வயலின் மறுகோடியில் மறித்து நிற்கிற ஆள். சேவலுக்குப் பின்னால் வானம் தெரியாவிட்டால் தயவுசெய்து சுடாதீர்கள். அங்கே ஆரஞ்சுத் தொப்பியோடு நிற்பது நான். கீழே பாய்வது நாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்தில் தடை உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. வாங்கும்போது 4473 படிவத்தில் இதைக் கேட்பார்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. கையில் உரிமம் இல்லாமல் கடைக்குப் போய் நிற்காதீர்கள்.

சம்பங்கோரை

எல்லோருக்கும் நன்றி. அக்கா, பையைக் கவிழ்த்தேன். மூன்று 12 கேஜ் தோட்டா, ஒரு பாதி மிட்டாய், ஒரு பெட்டை ஃபெசன்ட் இறகு. நல்லவேளை.

கட்டைவிரல் சோதனையில் வலது கண்தான். நிம்மதி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். நாங்கள் போகிற இடத்தில் பாதி அரசு நிலம், அங்கே ஈயம் கூடாது என்கிறார்கள். ஸ்டீலுக்கு எந்த எண், எந்த சோக் (குழல் முனையில் மாட்டி ரவையின் விரிவைக் கட்டுப்படுத்துகிற குழாய்)?

பழைய கோட்டு

ஆமாம் தம்பி, மத்திய அரசின் வாட்டர்ஃபவுல் புரொடக்‌ஷன் ஏரியா என்று பலகை வைத்த இடங்களில் ஈய ரவையைக் கையில் வைத்திருக்கவே கூடாது. வாத்துக்கு மட்டும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை, அந்த நிலத்தில் ஃபெசன்ட்டுக்கும் அதே விதி. மாநில நிலங்களிலும் பல இடத்தில் இப்படித்தான். கிளம்புகிற முன் அந்த வருடத்துக் கையேட்டைப் பாருங்கள்.

ஸ்டீல் ஈயத்தைவிட லேசு, சீக்கிரம் வேகம் இழக்கும். அதனால் இரண்டு எண் பெரிதாகப் போங்கள். எண் குறைந்தால் ரவை பெரிது என்பது தெரியும்தானே. ஈயத்தில் 5 போடுகிற இடத்தில் ஸ்டீலில் 3. விலை பரவாயில்லை என்றால் பிஸ்மத் நல்லது, ஸ்டீலைவிடக் கனம்.

சோக்கில் ஸ்டீல் நெருக்கமாகவே போகும், ஈயம் மாதிரி நசுங்காது. ஈயத்துக்கு நடுத்தர நெருக்கமான மாடிஃபைட் போடுகிறவர் ஸ்டீலுக்கு அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர் போட்டால் ஏறத்தாழ அதே விரிவு வரும். ரொம்ப நெருக்கமான ஃபுல் சோக்கில் ஸ்டீல் வேண்டாம். காட்டில் குரவுஸுக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டரே போதும், அங்கே தூரம் என்பதே கிடையாது. ஆக ஒரே குழாயை மாட்டி மறந்துவிடலாம். ஆனால் பெரிய அட்டை ஒன்றை 30 கஜத்தில் நிறுத்தி நான்கு தடவை சுட்டுப்பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதும் உங்கள் குழல் செய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

அந்தக் காட்டில் வுட்காக் எழும்பினால் சுடுவீர்கள் என்றால், அது இடம்பெயரும் பறவை. மேகசினில் இடத்தைக் குறைக்கிற அடைப்பு ஒன்றை, பிளக் என்பார்கள், போட்டு மொத்தம் 3 தோட்டாதான் கொள்ள வேண்டும். புதுத் துப்பாக்கியோடு பிளக் வரும், பழசு வாங்கினால் உள்ளே இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

டிசம்பரில் போனால் எண்ணெயைக் குறைத்துவிடுங்கள். கடுங்குளிரில் கெட்டியான எண்ணெய் கூழாகிவிடும், எந்த வகைத் துப்பாக்கியும் நகராது. சம்பங்கோரைப் பஞ்சு வேறு அந்த எண்ணெயில் ஒட்டி விசைப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை தைத்துவிடும். உங்கள் பெயரை வைத்துச் சொல்லவில்லை.

சம்பங்கோரை

ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது, கணக்கு ஒப்படைக்கிறேன்.

கடைசியில் வாங்கியது பழைய பெரெட்டா ஏஎல்391, 20 கேஜ், 26 அங்குலம், கேஸ். வீட்டுத் தராசில் 6.2 பவுண்டு. கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, அவரே தகட்டை மாற்றி ஒரு படி உயர்த்திக் கொடுத்தார். கோடை முடிவதற்குள் 300 தட்டு சுட்டேன். மேகசினில் பிளக் இல்லை, அண்ணா சொன்னபடி கழற்றிப் பார்த்ததால் தெரிந்தது.

முதல் நாள் முதல் சேவல் போயே போய்விட்டது. காரணம் சேஃப்டி. பம்ப்பில் கட்டைவிரலால் முன்னால் தள்ளுகிற மேல் பொத்தான், இதில் விசைக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் தள்ளுவது. பறவை பறக்கிறது, என் கட்டைவிரல் இல்லாத பொத்தானை மேலே தேடிக்கொண்டிருக்கிறது. அன்று ராத்திரி தங்குமிடத்தில் காலித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி ஏற்றி ஐம்பது தடவை அந்தப் பொத்தானைத் தள்ளிப் பழகினேன்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மேல், போன வருடம் கை மரத்த அதே நேரம், இடதுபுறமிருந்து ஒன்று குறுக்கே வந்தது. முதல் தோட்டா பின்னால். வீச்சை நிறுத்தாமல் இரண்டாவதைச் சுட்டேன், விழுந்தது. நடுவே எதையும் இழுத்ததாக நினைவில்லை. நாய் கொண்டுவந்து காலடியில் வைத்தது.

ஒரு கேள்வி. அங்கேயே தோலோடு உரித்து மார்பை மட்டும் எடுத்துவரலாம் என்றார் நண்பர். நான் வேண்டாம் என்று முழுசாகவே கொண்டுவந்தேன். எது சரி?

பழைய கோட்டு

நீங்கள் செய்தது. வழியில் சோதித்தால் சேவல்தான் என்று காட்ட வேண்டும். தலை, இறகோடு உள்ள சிறகு, கால், இதில் ஒன்றாவது உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். நான் காலை விட்டுவைப்பேன், அதில் முள் இருக்கிறது. முள் நீளமாக, கூராக இருந்ததா? இருந்தால் போன வருடமும் உங்களிடம் தப்பிய கிழவனாக இருக்கலாம்.